அங்காயியின் விளாம்பழம்

செழுங்காட்டில் ஒரு பெருங்குளம் இருந்தது. கடுங்கோடையிலும் வற்றாத குளம். கரையைச் சுற்றி மா, பலா, நாவல், அத்தி, விளா என்று பழ மரங்கள். அந்தக் காட்டு விலங்குகளுக்கு வயிறு எப்போதும் நிறைந்திருக்கும். பெருமைக்கும் குறைவில்லை.

"நம் காட்டில் ஏழை என்று ஒருவர்கூடக் கிடையாது!" என்பார் தலைவர் மயில் அலங்காரம். காலையில் ஒருமுறை சொல்வார். மாலையில் ஒருமுறை சொல்வார். நடுவில் தோகையைக் கோதிக்கொள்வார்.

"கிடையவே கிடையாது!" என்று கரடி பெத்தண்ணன் ஏப்பம் விடுவார்.

"அதெல்லாம் அந்தப் பொட்டல்காட்டில்தான்!" என்று மந்தி மதுரவல்லி மலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுவாள். அவள் பொட்டல்காட்டைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அதை நினைத்து அடிக்கடி பெருமூச்சு விடுவாள். அப்படி ஓர் இரக்க குணம்!

செழுங்காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. குளத்துக்கு வருகிறவர் ஒரு பழமாவது கொண்டுவர வேண்டும். கரையில் தட்டையாக ஒரு பாறை உண்டு. அதில் பழத்தை வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் வாய் வைப்பார்கள். பிறகு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, பழங்களைத் தின்றபடி ஊர்க்கதை பேசுவார்கள்.

இது சட்டமா என்று கேட்டால் மயிலாருக்குக் கோபம் வந்துவிடும்.

"சட்டமா? சே, சே! குளம் எல்லோருக்கும் பொது. காவல் உண்டா? வேலி உண்டா? பழம் ஒரு மரியாதைக்கு, அவ்வளவுதான்!"

உண்மைதான். வெறுங்கையோடு வந்தால் யாரும் அடிக்கமாட்டார்கள், விரட்டமாட்டார்கள். வெறுமனே பார்ப்பார்கள்.

காட்டின் ஓரத்தில், கல்லும் முள்ளுமான சரிவில், அங்காயி என்ற முயல் வளை தோண்டிக் குடியிருந்தாள். அவள் புருஷனைப் பருந்து கொண்டுபோய்விட்டது. இருந்தது ஒரே ஒரு பெண் குட்டி. நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் அதற்குப் பொட்டு என்று பெயர்.

சரிவில் புல் உண்டு. கரகரவென்று நாக்கை அறுக்கும் புல்தான், ஆனாலும் புல். அதனால் அங்காயியும் பொட்டுவும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் பழம்? அதற்கு எங்கே போவது? மரங்களை எப்போதோ பங்கு போட்டாகிவிட்டது. கிளையில் இருப்பது மந்திக் கூட்டத்துக்கு. கீழே விழுவது கரடிக்கு. விழுந்து உருண்டோடுவது மயிலாரின் உறவுக்காரர்களுக்கு. பங்கு போட்ட அன்று அங்காயிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. மறந்துவிட்டார்களாம்!

ஒரு தடவை அவள் வெறுங்கையோடு குளத்துக்குப் போனாள். பொட்டு அப்போது பால் குடிக்கும் குட்டி. அம்மாவின் வயிற்றை ஒட்டிக்கொண்டே வந்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மதுரவல்லி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பெத்தண்ணன், "என்ன அங்காயி, கையை வீசிக்கிட்டு வந்திருக்கே! வீட்டில் எல்லாரும் சவுக்கியமா?" என்று அன்பாகக் கேட்டார். மயிலார் எழுந்து நின்று, கரை முழுவதும் கேட்கும்படி, "அங்காயி சார்பில் நானே ஒரு பழம் வைத்துவிடுகிறேன்!" என்றார். வைக்கவும் செய்தார். எல்லோரும் ஆகா என்றார்கள். மான் குட்டிகள் பொட்டுவைப் பார்த்துச் சிரித்தன.

அங்காயிக்குக் காது நுனிவரை எரிந்தது. தண்ணீரில் வாய் வைத்தவள், குடிக்காமலே குட்டியைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். அன்றோடு அவள் குளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அதன் பிறகு சரிவுக்குக் கீழே இருந்த காட்டாற்று மடுவில்தான் அவள் தண்ணீர் குடித்தாள். கலங்கல் தண்ணீர். அதோடு, அங்கே ஒரு முதலை இருந்தது. அங்காயி ஆழம் பக்கம் போகமாட்டாள். ஓரத்துச் சேற்றில் நின்று, ஒரு காதைத் தூக்கி வைத்துக்கொண்டு, நக்கிக் குடித்துவிட்டு ஓடி வந்துவிடுவாள். பொட்டுவும் அப்படியே குடிக்கப் பழகிக்கொண்டது.

அந்தக் கோடையில் மடு சுருங்கியது. ஓரத்துத் தண்ணீர் நாறியது. அதைக் குடித்த பொட்டுவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. உடம்பு கொதித்தது, நாக்கு வறண்டது. மடுத் தண்ணீரைக் கொடுத்தால் வாந்தி எடுத்தது.

"அம்மா, நல்ல தண்ணி வேணும்மா" என்று முனகியது.

அங்காயி என்ன செய்வாள், பாவம்! வளை வாசலில் நின்று பார்த்தால் பெருங்குளம் பளபளவென்று தெரியும். பார்க்கத்தான் முடிந்தது.

அப்போது அவளுக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. பலத்த காற்று வீசி, சரிவுக்கு மேலே இருந்த மரத்திலிருந்து ஒரு விளாம்பழம் அறுந்து, பாறையில் மோதி, புதருக்குள் உருண்டு, யார் கண்ணிலும் படாமல் அவள் வளை வாசலில் வந்து நின்றது. நன்றாகக் கனிந்த பழம். வாசனை வளை முழுவதும் பரவியது.

"பொட்டு! பழம்டி! நாளைக்குக் காலையிலேயே குளத்துக்குப் போறோம்!"

"நிஜமாவாம்மா? யாரும் சிரிக்கமாட்டாங்களா?"

"எதுக்குச் சிரிக்கிறாங்க? தலையை நிமிர்த்திக்கிட்டுப் போறோம். பாறையில் பழத்தை வைக்கிறோம். வயிறு முட்டக் குடிக்கிறோம். நிழலில் படுத்துக்கிறோம். காய்ச்சல் பறந்துடும் பாரு!"

அவள் பழத்தைச் சருகு போட்டு மூடி வைத்தாள். அன்று மாலை பொட்டு அந்தச் சருகை முகர்ந்துகொண்டே படுத்திருந்தது.

இதே சமயத்தில் குளக்கரையில் ஒரு கலாட்டா நடந்தது.

பொட்டல்காட்டில் கோடை மிகவும் கடுமையாகிவிட்டதால், ஓர் ஆள்காட்டிக் குருவி மலையைத் தாண்டி வந்து அங்காயியின் சரிவில் தங்கியிருந்தது. ஆள்காட்டியின் குணம் உங்களுக்குத் தெரியும். கண்டதை அடக்கி வைக்க அதற்குத் தெரியாது. அது குளத்துக்குப் பறந்துபோய், மயிலாரின் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தியது.

"உங்கள் காட்டில் ஏழை ஒருத்தி இருக்கிறாள்! இவ்வளவு பெரிய குளத்தை வைத்துக்கொண்டு, அவள் சேற்றை நக்கிக் குடிக்கிறாள்!"

எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"ஏழையா? எங்கள் காட்டிலா?" என்று பதறினார் மயிலார்.

"யார் அது? அங்காயியா? அவள் தினமும் புல் தின்கிறாளே!" என்றார் பெத்தண்ணன்.

"உங்கள் பொட்டலில் புல்லாவது உண்டா?" என்று மதுரவல்லி மடக்கினாள். "உங்கள் ஊர்க் கணக்குக்கு அங்காயி மகாராணி! நீங்கள் எல்லாம் ஊற்று தோண்டித்தானே குடிக்கிறீர்கள்?"

"ஆமாம், ஒரே ஒரு ஊற்றுதான்" என்றது குருவி. "ஆனால் நரியும் அங்கேதான் குடிக்கும், ஓணானும் அங்கேதான் குடிக்கும். கையில் என்ன கொண்டுவந்தாய் என்று பார்க்க எவர் கையிலும் எதுவும் கிடையாது. அங்கே எனக்குத் தாகம் இருந்தது, வெட்கம் இருந்ததில்லை. இங்கே இவள் இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறாள்!"

"வெட்கமா? அது ஒரு குறையா? அது நல்ல குணம் அல்லவா?" என்று வியந்தார் மயிலார். ஆனாலும் தலைவர் என்றால் விசாரிக்க வேண்டுமே. "சரி. நாளைக் காலையில் நானும் பெத்தண்ணனும் மதுரவல்லியும் நேரில் போய்ப் பார்க்கிறோம். அவள் ஏழைதான் என்றால், உடனே ஏதாவது செய்கிறோம்!"

குருவிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நேராகப் பறந்துபோய் அங்காயியிடம் சொன்னது. "நாளைக்கு உன் வீட்டுக்கு வர்றாங்க! எல்லாத்தையும் உடைச்சுச் சொல்லிடு! உன் கஷ்டம் தீர்ந்தது!"

அங்காயியின் முகம் வெளுத்துப்போனது.

"தலைவரா? என் வீட்டுக்கா? ஐயையோ!"

விடிந்ததும் விடியாததுமாக அவள் வேலையை ஆரம்பித்தாள். வளை வாசலைக் கூட்டினாள். இருந்ததிலேயே இளம் புல்லாகப் பறித்து விரித்தாள். பொட்டுவின் முகத்தை நக்கித் துடைத்து, உள்ளே மூலையில் படுக்கவைத்தாள். "முனகாம படுத்திரு கண்ணு, பெரியவங்க வர்றாங்க."

அவர்களும் வந்தார்கள். முன்னால் மயிலார், தோகை முள்ளில் மாட்டிவிடாமல் தூக்கிப் பிடித்தபடி. பின்னால் பெத்தண்ணன், மூச்சிரைத்தபடி. மதுரவல்லி மூக்கைப் பொத்தியபடி.

"வாங்கய்யா, வாங்கண்ணே, வாங்கக்கா! உட்காருங்க!"

உட்கார்ந்தார்கள். பெத்தண்ணன் மூக்கை விடைத்து விடைத்து முகர்ந்தார்.

"விளாம்பழ வாசனை வருதே!"

அங்காயி சருகு மூடிய பழத்தைத் திரும்பிப் பார்த்தாள். வீடு தேடி வந்தவர்களை வாய் நனைக்காமல் அனுப்புவதா? அதுவும் பழத்தை உள்ளே வைத்துக்கொண்டு? நாளைக்குக் குளக்கரையில் என்ன பேசுவார்கள்? அவள் உள்ளே போய்ச் சருகை விலக்கினாள்.

"அம்மா, அது குளத்துக்குக் கொண்டுபோறதும்மா!" என்று பொட்டு எழுந்து உட்கார்ந்தது.

"சத்தம் போடாதே! அவங்க காதில் விழப்போகுது!"

அவள் பழத்தைக் கல்லில் தட்டி உடைத்து, இலையில் வைத்து, மூன்று பேருக்கும் முன்னால் நீட்டினாள். மூன்று பேரும் தின்றார்கள். தின்றார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். பெத்தண்ணன் ஓட்டையும் வழித்து நக்கினார்.

"வெல்லம் போட்டுப் பிசைந்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்" என்றாள் மதுரவல்லி, விரலைச் சூப்பிக்கொண்டே.

மயிலார் தொண்டையைச் செருமினார். "அங்காயி, உனக்கு ஏதாவது குறை உண்டா? தயங்காமல் சொல்!"

வெளியே முள்செடியில் உட்கார்ந்திருந்த குருவி, "சொல்லு! சொல்லு!" என்று கத்தியது.

அங்காயி மூன்று பேரையும் பார்த்தாள். மதுரவல்லி, முள்ளில் கிழிந்திருந்த அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு குறையும் இல்லீங்கய்யா. உங்க புண்ணியத்தில் நல்லா இருக்கோம்."

"பிறகு ஏன் குளத்துப் பக்கமே வருவதில்லை?"

"நேரம் கிடைக்கலீங்கய்யா."

"மூலையில் யார் படுத்திருப்பது?"

"என் பொண்ணுங்க. தூங்குது."

"பட்டப்பகலில் தூக்கம்!" என்று கண்ணைச் சிமிட்டினார் பெத்தண்ணன். "நமக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லையே!"

மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். குளக்கரைப் பாறையில் ஏறி நின்று மயிலார் அறிவித்தார்.

"நேரில் பார்த்துவிட்டோம்! வீட்டில் பழம் மணக்கிறது. வந்தவர்களுக்கு வாரிக் கொடுக்கிறாள். பிள்ளை பகலில் தூங்குகிறது. குளத்துக்கு வர அவளுக்கு நேரமே இல்லை. இதுவா ஏழை? நம் காட்டில் ஏழை கிடையாது!"

"கிடையவே கிடையாது!" என்று பெத்தண்ணன் ஏப்பம் விட்டார். அந்த ஏப்பத்தில் அங்காயியின் விளாம்பழம் மணத்தது.

வெயில் ஏற ஏறப் பொட்டுவின் காய்ச்சலும் ஏறியது. குருவிக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஏன் பொய் சொன்னே? ஏன் பழத்தைக் கொடுத்தே?"

"வேற என்ன செய்யச் சொல்றே? வந்தவங்க முன்னாடி கையை விரிக்கவா?"

"இப்பவாவது குளத்துக்குக் கிளம்பு! நானும் கூட வர்றேன்!"

"வெறுங்கையோடயா?" அங்காயி தலையை ஆட்டினாள். "காலையில்தான் ஒரு குறையும் இல்லைன்னு சொன்னேன். இப்போ வெறுங்கையோட போய் நின்னா காறித் துப்புவாங்க. நீ மழை பெய்ஞ்சா உன் ஊருக்குப் போயிடுவே. நாங்க இங்கேதானே இருக்கணும்? நாளைக்கு என் பொண்ணை எந்தக் குட்டி விளையாட்டுக்குச் சேர்த்துக்கும்?"

குருவி குளத்துக்குப் பறந்தது. வெயிலில் முட்டைகள் காயாமல் இருக்க, ஆள்காட்டிகள் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வருவது வழக்கம். அதுபோல நனைத்துக்கொண்டு வந்து பொட்டுவின் வாயில் சொட்டவிட்டது. பொட்டு நக்கிவிட்டு, "இன்னும்" என்றது. குருவி மறுபடியும் பறந்தது.

சொட்டுத் தண்ணீரால் காய்ச்சல் தணியுமா? அங்காயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு தேக்கிலையைத் தொன்னையாக மடித்து வாயில் கவ்விக்கொண்டு மடுவுக்கு ஓடினாள். ஓரத்தில் நாற்றச் சேறு. அதைக் கொடுத்தால் பிள்ளை வாந்தி எடுக்கும். நடுவில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் இருந்தது. அவள் ஒரு காலை உள்ளே வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள்.

"வா தாயி, வா!" என்று தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "வெறுங்கையோட வந்தாலும் பரவாயில்லை. நான் அதெல்லாம் பார்க்கிறதில்லை!"

செழுங்காட்டில் அவளிடம் அப்படிச் சொன்னது அந்த முதலை ஒன்றுதான்.

குருவி திரும்பி வந்தபோது மடுவில் தொன்னை மட்டும் மிதந்தது.

அது போட்ட கூச்சலில் காடே அதிர்ந்தது. எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. எல்லோரும் அங்காயியின் வளைக்குத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். குளத்துக்கே வெறுங்கையோடு போகாதவர்கள் சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு வருவார்களா? மதுரவல்லி ஒரு கூடை நாவல் கொண்டுவந்தாள். மான்கள் அத்திப்பழம் கொண்டுவந்தன. பெத்தண்ணன் முழுப் பலாவையே உருட்டி வந்தார். வளை வாசலில் பழம் குவிந்தது. குவிந்து, குவிந்து, உள்ளே கிடந்த பொட்டுவுக்குக் காற்றுகூட வராமல் வாசலே அடைத்துக்கொண்டது. குருவிதான் அலகால் தள்ளித் தள்ளி வழி உண்டாக்கியது.

மயிலார் இரங்கல் பேச்சு பேசினார். "அங்காயி யாரிடமும் எதையும் கேட்டதில்லை! அதுதான் அவள் பெருமை!"

"அவள் கொடுத்த விளாம்பழத்தை என்னால் மறக்கவே முடியாது" என்று பெத்தண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மடுவுக்கு ஏன்தான் போனாளோ!" என்று அங்கலாய்த்தாள் மதுரவல்லி. "இவ்வளவு பெரிய குளம் இருக்கும்போது!"

எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் அவள் வாயில் அந்தப் பலாவைத் திணித்துவிடலாமா என்று தோன்றும்.

அப்போது பொட்டு வெளியே வந்தது. கால்கள் தள்ளாடின. அது யாரையும் பார்க்கவில்லை. குவியலில் கிடந்த பழங்களைத் துழாவி, ஒரு சின்ன விளாம்பழத்தை எடுத்தது. அதை மூக்கால் உருட்டிக்கொண்டே சரிவில் இறங்கியது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போனார்கள். குருவி தலைக்கு மேலே கத்தாமல் பறந்தது.

பொட்டு குளக்கரைக்கு வந்து, இரண்டு கால்களால் பழத்தைத் தூக்கி, தட்டைப் பாறையில் வைத்தது. பிறகு மயிலாரை அண்ணாந்து பார்த்தது.

"பழம் கொண்டுவந்துட்டேன். தண்ணி குடிக்கலாங்களா?"

மயிலார் தோகையைச் சிலிர்த்துக்கொண்டார்.

"அடடா! பார்த்தீர்களா, இந்த வயதிலேயே எவ்வளவு மரியாதை தெரிந்திருக்கிறது! குடி அம்மா, குடி!"

பொட்டு குடித்தது. மூச்சு முட்டக் குடித்தது. நிறுத்திவிட்டு மறுபடியும் குடித்தது. பிறகு நனைந்த வாயோடு நிமிர்ந்து கேட்டது.

"நாளைக்கும் பழம் கொண்டுவரணுங்களா?"

மதுரவல்லி மரத்தைப் பார்த்தாள். பெத்தண்ணன் தன் பாதத்தைப் பார்த்தார். மயிலார் தோகையைக் கோத ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

வெறுங்கையோடு வருகிறவரை வெட்கப்படவைக்கிற நாட்டில், குளம் எவ்வளவு நிரம்பியிருந்தாலும் ஏழை தாகத்தோடுதான் சாவார்.